கிரகணத்தன்று நான் கழற்றிய மூன்று பஞ்சுகள்

2027 ஆகஸ்ட் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. புதிதாகச் சேர்ந்திருக்கும் செக்கர்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அன்று சூரிய கிரகணம். நிலவின் கரிய நிழல் எகிப்து, மெக்கா, ஏமன் என்று அந்தப் பக்கமாகப் போகிறது. அங்கே பட்டப்பகலில் இருட்டும். நமக்கு அந்த யோகம் இல்லை. நிழலின் ஓரம் மட்டும்தான் நம் மேல் படும். ஆம்பூரிலும் வேலூரிலும் சூரியன் ஒரு பக்கம் கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி தெரியும். மாலையில், சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது நடக்கும். எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் பேப்பரில் போடுவார்கள். என்னைக் கேட்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வெளிச்சம் குறைந்த மாதிரியே இருக்காது. வேலை பாட்டுக்கு நடக்கும். எனக்கு அதுதான் பயம்.

போன மாதம் உங்கள் புது ஷெட்டுக்கு வந்திருந்தேன். தோலில் ஓட்டை போடும் பஞ்சிங் செக்‌ஷனின் பெரிய கதவு மேற்குப் பார்த்து இருக்கிறது. அந்தக் கதவண்டை ஒரு பெண் தோல் பீஸை வெயிலில் பிடித்து, எதிரே இருந்த வெள்ளை அட்டையில் விழும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. ஷூ கம்பெனியில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாகச் செக்கிங்கில் இருந்து ரிட்டையர் ஆனவள். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை திட்டுவது. இந்த முறை திட்டு வாங்கப்போவது நான்தான், படியுங்கள்.

இதற்கு முந்தைய கிரகணங்களில் ஒன்று ஊரடங்கு சமயத்தில், ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்னொன்று தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம், பொழுது இறங்கும் நேரத்தில். கம்பெனியில் ஆள் இல்லாததால் இரண்டிலும் யாரும் தப்பு பண்ணவில்லை. வேலை நாளில், வேலை நேரத்தில் வந்தது 2019 டிசம்பர் இருபத்தாறில்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை எட்டு மணிக்கு மேல் தொடங்கி, ஒன்பதரை வாக்கில் சூரியன் பெரும்பகுதி மறைந்து, பதினொன்று தாண்டித்தான் கிரகணம் விட்டது.

அப்போது நாங்கள் பெண்களுக்கான கோடைக்கால ஷூ தயாரித்துக்கொண்டிருந்தோம். காற்று போவதற்காக மேல் தோலில் விரல் அகலம் இடைவெளி விட்டு, கடுகு அளவு ஓட்டைகள் வரிசையாக இருக்கும். ஓட்டை போடும் உளிக்குப் பெயர் பஞ்ச். மெஷினில் ஒரு பஞ்ச்தான் இருக்கும், எல்லா ஓட்டையையும் அதுதான் டக் டக்கென்று போடும். சில சமயம் தோல் துணுக்கு விழாமல் ஓட்டையிலேயே அடைத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வெயில் செக்கிங். பீஸை வெயிலில் பிடித்தால் ஒரு கை தூரத்தில் இருக்கும் அட்டையில் வெளிச்சப் புள்ளிகள் விழும். புள்ளி குறைந்தால் ஓட்டை அடைத்திருக்கிறது.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்த சீனியர் சொன்னது இரண்டே வார்த்தை: "புள்ளியை எண்ணு." நான் கெட்டிக்காரி இல்லையா, கூட ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். புள்ளி வட்டமாக இருந்தால் ஓட்டை வட்டம், பஞ்ச் நல்ல பஞ்ச் என்று முடிவு பண்ணினேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமும் எனக்குக் கீழே வந்தவர்களுக்கெல்லாம் அதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தேன். ஒருவரும் எதிர்த்துக் கேட்கவில்லை. என்னை எதிர்த்துக் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

கிரகணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஷெட்டில் இதே பேச்சு. கர்ப்பிணி வரலாமா, சாப்பாடு கெட்டுப்போகுமா, ஊசி பிடிக்கலாமா, கத்தி பிடிக்கலாமா. ஷூ கம்பெனியில் ஊசியும் கத்தியும் பிடிக்காமல் எதைப் பிடிப்பது? பாதிப் பெண்கள் பதினொன்றரைக்கு மேல்தான் வருவோம் என்றார்கள். மீதியில் பாதி கிறிஸ்துமஸ் லீவு. ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டியின் ஆள் அன்று பன்னிரண்டு மணிக்கு முதல் லாட்டைப் பார்க்க வருகிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு காலி வெள்ளை அட்டைப்பெட்டியைக் கிழித்து, மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி, பஞ்சிங் செக்‌ஷன் தூணில் ஒட்டினேன்.

"கிரகணம் என்று வாயைத் திறந்தால் வீட்டுக்குப் போகலாம்." கீழே என் கையெழுத்து.

இருபத்தாறாம் தேதி காலையில் முதல் மெஷினுக்கு வந்தவள் காஞ்சனா. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். அப்போது தற்காலிகம். அவளை நிரந்தரம் பண்ணும் பாரம் என் மேஜை டிராயரில் இருந்தது. 'தகுதி' என்ற கட்டத்தில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது வேலை. அது அவளுக்கும் தெரியும். அதற்காகவே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டிபன் டப்பா மூடியிலிருந்து பச்சையாக என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி அது, புல்லு?"

"கீரை மேடம்."

தர்ப்பைப் புல். கிரகணத்தில் சாப்பாடு கெடாமல் இருக்க அவள் மாமியார் போட்டு அனுப்பியது. போர்டைப் பார்த்துவிட்டுக் கீரை என்றாள். நானும் கீரை என்றே விட்டுவிட்டேன்.

முதல் சில பீஸ்கள் சரியாக வந்தன. எட்டரை வாக்கில் ஒரு பீஸைக் கிழக்குக் கதவில் பிடித்தேன். அட்டையில் விழுந்த புள்ளி எல்லாம் ஓரத்தில் எலி கொறித்த மாதிரி இருந்தது. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி, ஒரே பக்கம். ஒரே பஞ்ச் போட்ட ஓட்டை, அதனால் ஒரே பழுது. என் மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்தது.

"காஞ்சனா! பஞ்ச் வாய் உடைஞ்சிருக்கு. கண்ணு எங்க போச்சு உனக்கு?"

அவள் வந்து அட்டையைப் பார்த்தாள். தூணிலிருந்த போர்டைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே முற்றத்தைப் பார்த்தாள்.

"பஞ்ச் நல்லாத்தான் இருக்குது மேடம்."

"அப்ப இது இன்னா?"

"அது... சொல்லக் கூடாது மேடம்."

"இன்னாது, சொல்லக் கூடாதா? நான் கேக்குறேன், சொல்லுடி."

"நீங்கதான் மேடம் சொல்லக் கூடாதுன்னீங்க."

நான் எதைச் சொல்லக் கூடாது என்றேன் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. ஸ்டோரிலிருந்து புதுப் பஞ்ச் வரவழைத்து நானே மாற்றினேன். புது பீஸ் போட்டு வெயிலில் பிடித்தேன். பழையதை விட மோசம்! எலி கொறித்தது போய், நாய் கடித்த மாதிரி இருந்தது. அதையும் கழற்றி வீசிவிட்டு, சீல் உடைக்காத இன்னொரு பஞ்சை மாட்டச் சொன்னேன். அதில் பாதி வட்டம்தான் விழுந்தது. அதையும் கழற்றிவிட்டு, முதலில் இருந்த பஞ்சையே திரும்ப மாட்டினேன்.

ராணிப்பேட்டையிலிருந்து பஞ்ச் அனுப்பும் ஆளுக்குப் போன் போட்டேன்.

"இன்னாய்யா பஞ்ச் அனுப்புறீங்க? புதுசு மாட்ட மாட்ட ஜாஸ்தி உடைஞ்சு வருது. அமாவாசையில உக்காந்து செஞ்சீங்களா?"

"அமாவாசை இன்னைக்குத்தான் மேடம்," என்றார் அவர். "அது போன மாசமே அனுப்புனது."

போனை வைத்துவிட்டேன். அமாவாசையில்தான் சூரிய கிரகணம் வரும் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இதற்குள் ஷெட்டில் வெளிச்சம் மங்கியது. "டியூப் லைட்டைப் போடுங்க, மேகம் மூடுது," என்று கத்தினேன். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. லைட்டைப் போட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 'கிரகணம்' என்று என் கையால் எழுதிய போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, வெளிச்சம் ஏன் குறைகிறது, புள்ளி ஏன் குறைகிறது என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அன்று கிரகணம் என்பதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவே இல்லை. கிரகணம் என்பது லீவு கேட்பதற்கான சாக்கு என்று முடிவு பண்ணியிருந்தேன். அதற்கும் என் ஓட்டைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

மெஷின் சரி. பஞ்ச் மூன்றும் உடைந்திருக்க முடியாது. அப்புறம் மிச்சம் யார்? ஆள்தான். அவசரத்தில் இருக்கும்போது மிச்சம் எப்போதும் ஆள்தான்.

"நீ பீஸைச் சாய்ச்சுக் குடுக்குற. எழுந்திரு."

நான் உட்கார்ந்து போட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு விட்ட வேலை, கை மறக்கவில்லை. போட்டு முடித்து வெயிலில் பிடித்தேன். வெட்டிப் போட்ட நகம் மாதிரி, மெல்லிசாக, வளைந்து வளைந்து நாற்பது துண்டு விழுந்தது.

"உங்க கைக்கும் அப்படித்தான் மேடம் வருது," என்றாள் காஞ்சனா.

அவள் கிண்டல் பண்ணவில்லை, பார்த்ததைச் சொன்னாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மேஜைக்குப் போனேன். டிராயரைத் திறந்தேன். பாரத்தை எடுத்து, தகுதி என்ற கட்டத்தில் "போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கண் முன்னாலேயே செய்தேன்.

"போ. ஆபீஸ்ல கணக்கு முடிச்சுக்கோ."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள். துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப எனக்கு இங்க வேலை இல்ல. அப்படித்தானே மேடம்?"

"அப்படித்தான்."

"அப்ப அந்தப் போர்டு எனக்குச் செல்லாது. அப்படித்தானே?"

நான் டிராயரை மூடினேன்.

"கிரகணம்," என்றாள். "கிரகணம், கிரகணம், கிரகணம். காலையிலருந்து வாயில வச்சுக்கிட்டு பேஜாரா போச்சு. வெளிய வந்து பாருங்க மேடம்."

கதவுக்கு வெளியே, லாரி நிற்கும் முற்றத்தில் ஒரு புங்க மரம் உண்டு. அதன் நிழலில் தரை முழுக்கப் பிறை. இலை இடுக்கில் நுழைந்த வெயில் எல்லாம் பிறை பிறையாக, ஆயிரக்கணக்கில், சிமெண்ட் தரையிலும் வாட்ச்மேனின் வெள்ளைச் சட்டையிலும் என் புடவையிலும் விழுந்து கிடந்தது. அத்தனையும் ஒரே பக்கம் பார்த்து வளைந்திருந்தது.

"சொல்லுங்க மேடம்," என்றாள் காஞ்சனா. "இந்தப் புங்க மரத்தையும் நான்தான் பஞ்ச் பண்ணேனா?"

வாட்ச்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் தன் கூண்டுக்குள் போய்விட்டான். நான் என் புடவையில் கிடந்த பிறைகளைத் தட்டிவிட்டுப் பார்த்தேன், போகவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஃபிட்டர் இம்தியாஸ் பாய் கிரகணத் தொழுகை முடித்துத் திரும்பி வந்தார். மெஷின் பக்கத்தில் வரிசையாகக் கிடந்த பஞ்சுகளைப் பார்த்தார்.

"யாரும்மா நல்ல பஞ்சை எல்லாம் கழட்டிப் போட்டது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். ஒரு பீஸை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"பிறை எந்தப் பக்கம் பாக்குது மேடம்?"

"மேல."

பீஸை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். "இப்ப?"

பிறைகள் அசையவே இல்லை. மேலேதான் பார்த்தன.

"ஓட்டை திரும்பிடுச்சு. புள்ளி திரும்பலையே. அப்ப புள்ளி ஓட்டையோட படமா, வேற எதோட படமா?"

பக்கத்தில் கிடந்த அட்டைத் துண்டில் கத்தி முனையால் சின்னதாக முக்கோணம் வெட்டி அதையும் பிடித்தார். அதிலும் பிறைதான் விழுந்தது.

"அவ்வளவு சின்ன ஓட்டையா இருந்தா, எந்த ஷேப்பா இருந்தாலும் இவ்வளவு தூரத்துல சூரியன் படம்தான் மேடம் விழும். மத்த நாள்ல சூரியன் வட்டம், அதனால புள்ளி வட்டம். இன்னைக்குச் சூரியன் பிறை."

எனக்குப் புரிய நேரம் ஆனது. அன்று நான் பண்ணின தப்பு சின்னது, மூன்று பஞ்ச் கழற்றினேன். மற்ற நாட்களில் பண்ணினதுதான் பெரிய தப்பு. இத்தனை வருஷமாக வட்டமான சூரியனைப் பார்த்துவிட்டு, ஓட்டை வட்டம் என்று சீல் குத்தியிருக்கிறேன்.

"பாய், அப்ப உடைஞ்ச பஞ்ச் போட்ட ஓட்டையும்..."

"அழகா வட்டமாத்தான் தெரியும் மேடம்."

லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலில் காஞ்சனாவின் மெஷினில் போட்ட பீஸ். ஓட்டை ஒவ்வொன்றும் கத்தரித்த மாதிரி சுத்தம். அடுத்து இரண்டாவது மெஷின். முந்தின நாளைக்கு முந்தின நாள் நானே வெயிலில் பார்த்து ஓ.கே. சீல் குத்திய கட்டு அது. ஓட்டை ஓரம் பிசிறு, கிழிசல், சிலது முட்டை வடிவம். அந்தப் பஞ்ச்தான் நிஜமாகவே வாய் உடைந்தது. அந்தக் கட்டு பன்னிரண்டு மணிக்குப் பார்ட்டி ஆள் முன்னால் போகவிருந்தது.

மணி பத்து தாண்டிவிட்டது. அந்தக் கட்டை ஓரம் கட்டிவிட்டு, புதிதாகப் போட வேண்டும். வந்திருந்தவர்களில் அந்த வேகத்தில் போடத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"காஞ்சனா! மெஷின்ல உக்காரு."

"எனக்குத்தான் வேலை இல்லையே மேடம்."

"உக்காருடி, நேரம் இல்ல."

வந்தாள். உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"முதல்ல அந்தப் பாரம்," என்றாள்.

அதை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். 'போதாது' என்பதை அடித்துவிட்டு 'போதும்' என்று எழுதித் தருகிறேன் என்றேன். அங்கே இருந்த பையன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான்.

"அடிச்சுத் திருத்துனா செல்லாது மேடம். புது பாரம் வாங்கிக்குங்க. திருத்தத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குது, அதுல உங்க கையால எழுதணும்."

புது பாரத்தில் தகுதிக் கட்டம் சுலபமாக முடிந்தது. காரணக் கட்டம்தான் முடியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். 'கவனக் குறைவு' என்று எழுதலாம் என்று பார்த்தேன். அது பொய். நான் அன்று ரொம்பக் கவனமாகத்தான் இருந்தேன். ஷெட்டில் மெஷின் ஓடும் சத்தம் வரவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் உள்ளதை எழுதினேன்:

"சூரியனில் இருந்த குறையை ஊழியரின் குறை என்று எழுதிவிட்டேன்."

பையன் படித்துவிட்டு, "இது போதுமா மேடம்?" என்றான்.

"சீல் குத்துடா," என்றேன்.

திரும்பி வந்து பாரத்தைக் காஞ்சனாவிடம் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்காமல் இருக்கத்தான். "தப்பு என்னுது," என்றேன். "தெரியும் மேடம்," என்றாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குப் பார்ட்டி ஆள் வந்தபோது பாதி லாட்தான் இருந்தது. மீதி சாயங்காலம் என்றேன். ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனான். அதற்குள் சூரியனும் முழுசாகிவிட்டது. புள்ளி எல்லாம் மறுபடி வட்டம், ஒன்றுமே நடக்காத மாதிரி.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தவள், "மேடம், கீரை வேணுமா?" என்று தர்ப்பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வேறு வழி?

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி ஆடி அமாவாசையும் சேர்ந்து வருகிறது, அதனால் லீவு கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். பேசாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். வாயை மூடச் சொன்னால், உங்களுக்குத் தெரியாதது அந்த வாய்க்குள்ளேயே இருந்துவிடும். மாலையில் மேற்கு வெயில் அந்தக் கதவு வழியாக நேராக உள்ளே வரும். புள்ளி கொறிபட்டுத் தெரியும். பஞ்சைக் கழற்றாதீர்கள், ஆளையும் கழற்றாதீர்கள். முதலில் பீஸைத் திருப்பிப் பாருங்கள். எதையும் வெறும் கண்ணால் அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம், அட்டையில் விழுவதே போதும். ஓட்டை வட்டமா என்று தெரிய வேண்டுமென்றால் லென்ஸ் இருக்கிறது, சோம்பல்படாதீர்கள்.

உங்கள் செக்‌ஷனுக்கு இப்போது இன்சார்ஜ் காஞ்சனாதான். என்னை விட நன்றாகத் திட்டுவாள், ஆனால் கேட்டுவிட்டுத் திட்டுவாள். போன மாதம் வந்தபோது அந்த மேற்குக் கதவில் தூண் மேல் சாய்த்து வைத்திருந்த வெள்ளை அட்டையைக் காட்டி, இவ்வளவு பழைய அட்டையை ஏன் வைத்திருக்கிறாய், புதுசு வாங்கக்கூடாதா என்று கேட்டேன். "புது ஷெட்டுக்கு இதை மட்டும் நான்தான் மேடம் தூக்கிட்டு வந்தேன்," என்றாள்.

கிரகணத்தன்று அதில்தான் பிறை விழும். பார்த்து முடித்ததும் அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மார்க்கரில் கொட்டை எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும். கீழே இருப்பது என் கையெழுத்து.